மூடாத மடிக்கணினி

டயாலிசிஸ் வார்டில் வேலை பார்க்கும் அந்த டெக்னீஷியனின் வீட்டில், சாப்பாட்டு மேசையில் பாதி ஏழு மாதமாக ஒரு மடிக்கணினிக்கே போயிருந்தது. அதை யாரும் மூடக் கூடாது.

வார்டில் ஒருவருக்குத் தாமதமானால் அடுத்தவர் பெஞ்சில் காத்துக் கிடக்க வேண்டும். எந்த நாற்காலி எப்போது காலியாகும் என்று நோயாளிகள் வீட்டிலிருந்தே பார்க்க, அவர் தானாகக் கற்ற பைத்தான் நிரல்மொழியில் ஓர் இணையப் பக்கம் செய்தார். பார்ப்பவர்கள் மொத்தம் பதினான்கு பேர். இருப்பதிலேயே மலிவான வாடகை சர்வர் அதற்குப் போதுமானதாக இருந்தது. ஆனால் நிரலை வீட்டிலிருந்த அந்த மடிக்கணினியிலிருந்து சர்வருக்குள் நுழைந்து, கையால் கட்டளை தட்டித்தான் ஓடவிட்டிருந்தார். மடிக்கணினியை மூடினால் இணைப்பு அறும்; இணைப்பு அறுந்தால் நிரலும் நின்றுவிடும். இது சரியான முறை இல்லை என்று தெரியும். ஓடுகிறதே என்று விட்டுவிட்டார்.

"ஏங்க, இது என்ன கைக்குழந்தையா? கொஞ்சம் தூங்கட்டுமே," என்பார் மனைவி.

"இது தூங்கினா அங்க பதினாலு பேர் முழிப்பாங்க."

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழுக்கே வார்டிலிருந்து பதிவிட்டார்: நான்காம் நாற்காலி மூன்று மணி நேரம் தாமதம். எட்டு மணிக்கு மேசையைத் துடைத்த மனைவியின் கை, பழைய பழக்கத்தில் மடிக்கணினியின் மூடியையும் சாத்திவிட்டது. அந்த நாற்காலிக்கு அடுத்த நோயாளியான தையல்காரம்மா ஒன்பதுக்குப் பார்த்தபோது பக்கம் திறக்கவில்லை. வழக்கமான நேரத்துக்கே வந்து, முதுகுவலியோடு மூன்று மணி நேரம் பெஞ்சில் இருந்தார்.

"தம்பி, உங்க பக்கம் செத்துப்போச்சு. நான்தான் இன்னும் இருக்கேன்."

"மன்னிச்சுக்குங்க அக்கா."

"என் முதுகுகிட்ட கேளுங்க. இனிமே அதைப் பாக்கறதா இல்ல. பழையபடியே வந்து உக்காந்துக்கறேன்."

அந்தப் 'பழையபடி' டெக்னீஷியனை உறுத்தியது. வீட்டில் மனைவியைக் கடிந்துகொள்ளவில்லை. சர்வர் எழுந்ததும் நிரலை எழுப்பு, விழுந்தால் மறுபடி எழுப்பு என்று சர்வருக்கே சொல்லிவைக்கும் பதினோரு வரிக் கோப்பை எழுதினார். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அப்படியானால் ஏழு மாதம் தள்ளிப்போட்டதற்குக் காரணம் சோம்பல் மட்டும்தானா? தான் பிடித்துக்கொண்டிருப்பதால்தான் நிற்கிறது என்ற எண்ணம் அவருக்குப் பிடித்திருந்தது. பிடித்துக்கொண்டிருப்பதையே காப்பாற்றுவது என்று நினைத்துக்கொள்வது சுலபம்.

சர்வரை முழுதாக அணைத்து எழுப்பினார். பக்கம் வந்தது. மிச்சம் இருந்தது மடிக்கணினியின் மூடி.

"நீயே மூடேன்," என்றார் மனைவியிடம்.

"ஐயோ, நான் மாட்டேன்பா. ஒருதடவை மூடினது போதும்."

அவரே மூடினார். கைப்பேசியில் பக்கம் அப்படியே இருந்தது. சற்று ஏமாற்றமாகக்கூட இருந்தது.

வியாழக்கிழமையும் தாமதம். தையல்காரம்மா சொன்னபடியே வழக்கமான நேரத்துக்கே வந்து உட்கார்ந்திருந்தார்.

"அக்கா, பக்கம் இப்ப ஓடுது."

"ஓடட்டும்."

சனிக்கிழமையும் அதே பெஞ்சு. அடுத்த செவ்வாய் நாற்பது நிமிடத் தாமதம். வழக்கமான நேரத்துக்கு டெக்னீஷியன் எட்டிப் பார்த்தபோது பெஞ்சு காலி. சரியாக நாற்பது நிமிடம் கழித்துத் தையல்காரம்மா வந்தார். நாற்காலியில் சாய்ந்து கையை நீட்டினார்.

"மெதுவா குத்துங்க தம்பி."