கனகம்மா அக்காவின் தொழில்

கனகம்மா அக்கா காலமான செய்தி எனக்கு நிலாவெளி பஸ் தரிப்பிடத்தில் கிடைத்தது. தொலைபேசியில் அழைத்தவர் குறிஞ்சாக்கேணி ரசீன் நானா. பதினைந்து வருடங்களுக்கு மேலாக அக்காவின் வயலை டிரக்டரால் உழுது கொடுத்தவர். கதைக்கத் தொடங்கினால் நிறுத்தத் தெரியாத அந்த மனிதர் அன்று ஒரு வசனம்தான் சொன்னார். "ஐயா, அக்கா போயிட்டா. விதைப்பு முடிச்சிட்டுத்தான் போனா." நகரத்துக்குப் போக நின்ற நான் அப்படியே அக்காவின் ஊரான கிளிவெட்டிக்குப் போனேன்.

விதைப்பு முடியும்வரை அவர் பொறுத்திருந்ததில் அவரை அறிந்த உங்களுக்கு ஆச்சரியம் இருக்காது. யுத்தத்தில் இடம்பெயர்ந்த சனம் ஊர் திரும்பிய காலம் உங்களுக்கு நினைவிருக்கும். வயலெல்லாம் காடாகக் கிடந்தது. முதலில் மற்றவன் தொடங்கட்டும் என்று ஒவ்வொருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐம்பது வயதைத் தாண்டிய, கலியாணம் செய்யாத இந்தப் பெண் மட்டும் மூன்று பெண்களைக் கூட்டிக்கொண்டு, கத்தியும் கோடரியுமாகப் பற்றை வெட்டப் போனார். "ஒராள் விதைச்சாத்தான் மற்றாளுக்கு இது வயல் எண்டு ஞாபகம் வரும்" என்பார். அந்த மாரிப் போகத்தில் அந்தப் பக்கம் முழுவதிலும் பச்சையாக நின்றது அவருடைய ஐந்து ஏக்கர் மட்டும்தான். அடுத்த மாரிக்கு ஊரே வயலில் இறங்கியது.

முதல் வெள்ளாமையைச் சூடடித்த நாளில் நானும் அங்கே இருந்தேன். நெல் அடிக்கும் களத்துக்குள் பெண்கள் கால் வைப்பது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. வாய்க்கால் தண்ணீரைப் பங்கிடும் விதானையார் தயங்கித் தயங்கி, "அக்கா, நீங்க வரம்பில நிண்டா நல்லம்" என்றார். "காடு வெட்டேக்க இல்லாத தீட்டு, நெல்லைக் கண்டவுடன எங்கால வந்தது?" என்று அக்கா கேட்டார். கேட்டுவிட்டு வரம்பிலேயே நின்றார். விதானையாரைப் பகைத்தால் தண்ணீர் வராது என்பது அவருக்குத் தெரியும். அடுத்த வருடம் சூடடிக்க மெசின் வந்தது. "மெசினுக்கு ஆண் பெண் தெரியாது" என்று சொல்லி நேரே களத்துக்குள் போனார். விதானையார் விலகி வழிவிட்டார். வயல் சொந்தக்காரரான ஆண்களைத்தான் போடியார் என்பது வழக்கம். அதற்குப் பிறகு சனம் அவரையும் போடியார் என்றது. முதலில் பகிடியாக, பிறகு பகிடி இல்லாமல்.

இனி என் பிழையைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் இந்த அஞ்சலியை எழுத எனக்கு யோக்கியதை இல்லை. சனம் ஊர் திரும்பிய அந்தக் காலத்தில் நான், விவசாயத்துக்கான அரசாங்க அலுவலகமான கமநல நிலையத்தில் வேலை. வயலுக்குப் போடும் பசளையை மானியத்தில் கொடுப்பதற்காக, வயல் வயலாகப் போய்ப் பயிர் செய்யும் கமக்காரரின் பெயரைப் பதிய வேண்டும். நான் போனபோது அக்கா முழங்கால்வரை சேற்றில் நின்று வரம்பு கட்டிக்கொண்டிருந்தார்.

"காணி ஆற்ற பேரில அம்மா?"

"அப்பா எனக்குச் சீதனமாத் தந்தது சேர். உறுதிப் பத்திரம் எழுதேல்ல, வாயால சொன்னவர்."

சீதனம் என்றால் ஒரு மாப்பிள்ளை இருக்க வேண்டும். மாப்பிள்ளை இல்லையென்றால் சகோதரன். என் புத்தி அவ்வளவு தூரம்தான் ஓடியது. நகரத்தில் கடை வைத்திருந்த அவருடைய தம்பியை எனக்குத் தெரியும். அவர் பெயரை எழுதிக்கொண்டேன். ஆண் பெயர் இருந்தால் பசளை இழுபறியில்லாமல் கிடைக்கும், உதவிதான் செய்கிறேன் என்று வேறு நினைத்தேன். பசளை வந்தது. பட்டியலை யாரும் பார்க்கவில்லை. வருடா வருடம் பழையதைப் பார்த்தே புதியதை எழுதினோம்.

ஏழு வருடங்களுக்குப் பிறகு தம்பி காணியை விற்க ஆள் கூட்டி வந்தார். "கலியாணமே நடக்கேல்ல, பிறகென்ன சீதனம்?" என்பது அவர் கேள்வி. காணி விசாரணையில் என் பட்டியல்களின் பிரதியைக் கொடுத்தார். ஏழு வருடமும் அவர் பெயர். அக்காவிடம் இருந்ததோ செத்துப்போன தகப்பனின் சொல் ஒன்றுதான்.

அக்கா பஸ் மாறி மாறி நிலாவெளிக்கு என் வீடு தேடி வந்தார். கதிரையின் நுனியில் இருந்துகொண்டு, "ஒருக்கா வந்து நடந்ததைச் சொல்லுங்கோ சேர். வேற ஒண்டும் வேண்டாம்" என்றார். ஓம் என்றேன். விசாரணை நாளன்று காய்ச்சல் என்று சொல்லி வீட்டிலிருந்தேன். ஓய்வூதியத்துக்கு இன்னும் சில வருடங்கள் இருந்தன. பிழையாகப் பதிந்தேன் என்று என் வாயாலேயே சொல்லப் பயம். விசாரணை தள்ளிப்போனது. அந்தக் கிழமையே ரசீன் நானா ஓர் உரப்பையில் புது அரிசி கொண்டுவந்தார். "அக்கா தந்துவிட்டவ. காய்ச்சலுக்குக் கஞ்சி காய்ச்சட்டாம்." அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அந்தக் கஞ்சியைக் குடித்தேன். அதைப்போல எனக்கு வேறொன்றும் உறைத்ததில்லை.

விசாரணையின் அடுத்த தவணைக்குப் போனேன். வயலில் யாரைக் கண்டேன், யார் பெயரை எழுதினேன் என்று சொன்னேன். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் ஒன்று வந்தது. காணி அக்காவுக்கு நின்றது. வெளியே வந்து மன்னிப்புக் கேட்டேன். "நீங்க பொய் எழுதேல்ல தம்பி. பாக்காம எழுதினீங்க" என்றார். அதுவரை அவருக்கு நான் சேர். தம்பி என்று கூப்பிட்டது அன்றைக்குத்தான்.

போன வருடம் அந்த ஐந்து ஏக்கரையும், தன்னோடு காடு வெட்டிய மூன்று பெண்களுக்கும் உறுதி முடித்துக் கொடுத்தார். தான் இருக்கும்வரை விதைப்பு தன்னுடையது என்ற ஒரே நிபந்தனையோடு. பிள்ளையில்லாத காணி அந்நியருக்குப் போகிறதே என்று யாரோ கவலைப்பட்டார்களாம். "ஆர் வெட்டினதோ அவையின்ர காணி" என்று முடித்துவிட்டார்.

இறப்பைப் பதிய அவருடைய தம்பியோடு நானும் போனேன். பதிவாளர் பெயர், வயது கேட்டு எழுதினார். பிறகு, "தொழில்?" என்றார்.

"ஒண்டுமில்ல எண்டு போடுங்கோ" என்றார் தம்பி. "கலியாணமும் இல்ல, உத்தியோகமும் இல்ல."

அதில் வன்மம் இல்லை. அன்று வரம்பில் நின்று நான் எழுதிய அதே சுலபத்தோடு சொன்னார். பதிவாளரின் பேனா தாளுக்கு இறங்கியது.

"பொறுங்கோ" என்றேன். "கமக்காரி."

தம்பி திரும்பி என்னைப் பார்த்தார். ஒரு தரம் இதே வாயால் அவருக்கு எதிராகச் சாட்சி சொன்னவன் நான். பிறகு பதிவாளர் பக்கம் திரும்பி, "ஓம், கமக்காரி எண்டே எழுதுங்கோ" என்றார்.

அந்த உரப்பையைக் கழுவி மடித்து என் அலுமாரியில் வைத்திருக்கிறேன். அக்காவின் பொருள் என்று என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். அவரிடமிருந்து படித்ததும் ஒன்றுதான். அன்று பதிவாளர் அந்தச் சொல்லை எழுதி முடிக்கும்வரை ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துக்கொண்டு நின்றேன்.