நாவலுக்கு விசாரிக்கப் போன மதினி

போன வருடம் பங்குனி மாதம். எங்கள் பாலவனத்தத்தில் மிளகாய் வற்றல் காய்கிற நேரம், ஊரே தும்மிக்கொண்டிருக்கும். சென்னையில் உறவுக்காரரின் புதுவீட்டுப் பால்காய்ச்சுக்கு என் கணவரும் அவருடைய அக்காவும், அதாவது என் மதினியும், கிளம்பிப் போனார்கள். அலுவலகத்தில் லீவு கிடைக்காததால் நான் போகவில்லை. போன இடத்தில் அவர்கள் செய்துவிட்டு வந்த காரியத்தை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு முதலில் வெட்கமாக இருக்கும், அப்புறம் சிரிப்பு வரும், கடைசியில் கண் கலங்கிவிடும்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். திருச்சுழியில் ஓர் அரசு அலுவலகத்தில் வேலை. பாலவனத்தத்திலிருந்து அருப்புக்கோட்டைக்கு ஒரு பஸ், அங்கிருந்து திருச்சுழிக்கு இன்னொரு பஸ். உட்கார இடம் கிடைத்த நாட்களில் எல்லாம் செல்போனில் தட்டித் தட்டியே ஒரு நாவல் எழுதினேன். ஆடு வளர்க்கிற ஒருத்தியின் கதை. அவளுடைய மகளைப் படிப்பை நிறுத்திக் கட்டிக்கொடுத்துவிட வீடே ஒற்றைக்காலில் நிற்கிறது. அவள் யாருக்கும் தெரியாமல் ஆடுகளை ஒவ்வொன்றாக விற்று, மகளைப் படிக்க வெளியூருக்கு பஸ் ஏற்றி விடுகிறாள். நாவல் அதோடு முடிந்துவிடும். மகள் போய்ச் சேர்ந்தாளா என்று நான் எழுதவில்லை.

அதை முழுதாகக் கேட்டவர் மதினி ஒருவர்தான். அவர் வீடு எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு. சாயங்காலம் அவர் வற்றலுக்குக் காம்பு கிள்ளுவார், நான் பக்கத்தில் உட்கார்ந்து செல்போனைப் பார்த்து வாசிப்பேன். நன்றாக இருக்கிறது என்று ஒரு நாளும் அவர் வாயிலிருந்து வந்ததில்லை. ஆட்டுக்காரியைத் திட்டுவார், அவள் புருஷனைத் திட்டுவார், நடுநடுவே என்னையும் திட்டுவார். கடைசி அத்தியாயத்தை வாசித்து முடித்த அன்று சண்டைக்கே வந்துவிட்டார்.

"பிள்ளைய பஸ்ஸுல ஏத்தி விட்டுட்டா, சரி. போயிச் சேந்துச்சா இல்லையான்னு ஒரு வரி எழுதுனா ஒனக்குக் கையி வலிக்குதா?"

இலக்கியம் என்றால் அப்படித்தான் என்றேன். அதற்கு அவர் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

நாவலைப் பதிப்பகங்களுக்கு அனுப்பினேன். ஒரு இடத்திலிருந்தும் பதில் வரவில்லை. அப்போதுதான் இலக்கிய முகவர் என்று ஒரு தொழில் இருப்பதே எனக்குத் தெரியவந்தது. நாம் எழுதியது அவருக்குப் பிடித்துவிட்டால், அவரே அதைப் பதிப்பகங்களுக்குக் கொண்டுபோவார், ஒப்பந்தம் பேசுவார், வேற்று மொழியில் வருவதற்கும் வழி பார்ப்பார். புத்தகம் விலைபோனால் மட்டும் அவருக்கு ஒரு பங்கு. விசைத்தறிக் கூடத்தில் மேற்பார்வை பார்க்கும் என் கணவருக்கு இது உடனே பிடிபட்டுவிட்டது. பருத்தியை நாமே நேராக மில்லுக்குக் கொண்டுபோனால் வாசலோடு திருப்பிவிடுவான், கமிஷன் கடைக்காரர் கொண்டுபோனால் உள்ளே விடுவான், அதுபோலத்தானே என்றார். ஏறக்குறைய அப்படித்தான்.

சென்னையில் தமிழ் நாவல்களை எடுத்துப் பார்க்கிற ஓர் அம்மையாரைப் பற்றித் தெரிந்து அவருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். முழு நாவலையும் அச்செடுத்து அனுப்பச் சொல்லிப் பதில் வந்தது. அன்றைக்கு எனக்குத் தரையில் கால் பாவவில்லை. முதன்முதலாக ஒருவர் கேட்டிருக்கிறார். அருப்புக்கோட்டையில் அச்செடுத்து, மேலே ஒரு கதைச்சுருக்கமும் வைத்துக் கட்டிக் கொடுத்தேன், கணவர் கூரியரில் போட்டுவிட்டு வந்தார். முகவரியை அவர் செல்போனில் படம்பிடித்து வைத்துக்கொண்டது எனக்கு அப்போது தெரியாது.

மதினிக்கு இதெல்லாம் கேட்டதும் முகம் மாறிவிட்டது. ஏஜென்ட் என்றால் அவருக்குத் தெரிந்தது ஒரே ஆள்தான். அவருடைய கொழுந்தன் மகனை வெளிநாட்டு வேலைக்கு என்று கூட்டிப்போய், சொன்ன வேலையும் கொடுக்காமல், பாஸ்போர்ட்டையும் பிடுங்கி வைத்துக்கொண்டு அலைக்கழித்தவன். பையன் திரும்பி வந்து சேர்வதற்குள் அந்த வீடு பட்ட பாட்டை மதினி கூடவே இருந்து பார்த்தவர்.

"பெத்த பிள்ளை மாதிரி வச்சு எழுதியிருக்க. முன்னப்பின்னத் தெரியாதவுக கையில தூக்கிக் குடுத்துருவியா? விசாரிக்க வேணாமா?"

இவர் வேறு மாதிரி ஏஜென்ட், படிப்பதற்குக் காசு கேட்டால்தான் சந்தேகப்பட வேண்டும், இவர் ஒரு பைசா கேட்கவில்லை என்று எவ்வளவோ சொன்னேன். தலையை ஆட்டினார். தலையை ஆட்டினால் மதினி ஒத்துக்கொண்டார் என்று அர்த்தமில்லை.

எங்கள் பக்கம் பெண் கொடுக்குமுன் விசாரிப்பது ஒரு தனிக் கலை. மாப்பிள்ளை வீட்டில் போய்க் கேட்க மாட்டார்கள். அந்தத் தெருவில் துணி தேய்ப்பவர், பால் ஊற்றுபவர், மூலைக்கடைக்காரர் என்று மூன்று நான்கு பேரிடம் பேச்சோடு பேச்சாகக் கேட்பார்கள். கோபக்காரர்களா, சொன்ன சொல் நிற்குமா, வீட்டுக்கு நாலு பேர் வந்து போகிறார்களா என்று பார்ப்பார்கள். அவ்வளவும் திருப்தியான பிறகுதான் வீட்டுக்குள் போவார்கள். போனாலும், சம்பந்தம் முடிவாகும்வரை அந்த வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். சாப்பாடு என்ன, ஒரு வாய் காபிகூடக் கிடையாது. கை நனைத்துவிட்டால் சம்மதம் சொல்லிவிட்டதாக ஆகிவிடும்.

எனக்கு அப்படி யாரும் விசாரிக்கவில்லை. அப்பா படுத்த படுக்கையாக இருந்தார், கண்மூடுவதற்குள் கல்யாணத்தைப் பார்த்துவிட வேண்டும் என்றார். முதலில் கேட்டு வந்த இடத்தில் கொடுத்துவிட்டார்கள். எங்கே போகிறோம் என்று தெரியாமலேதான் நான் இந்த வீட்டுக்குள் வலது காலை எடுத்து வைத்தேன்.

விஷயத்துக்கு வருகிறேன். பால்காய்ச்சு முடிந்த அன்று சாயங்காலம் கணவர் போன் செய்தார். குரலே சரியில்லை.

"ஒண்ணுமில்ல. அந்த ஏஜென்ட்டு அம்மாவப் பாத்தோம்."

எனக்குக் கையில் இருந்த கரண்டி நழுவிவிட்டது. எந்த அம்மா, எதற்குப் பார்த்தீர்கள் என்று கேட்கக் கேட்க, ஒவ்வொன்றாக வந்தது. இருவரும் அந்தத் தெருவுக்குப் போயிருக்கிறார்கள். பால்காரரைப் பிடித்துக் கேட்டிருக்கிறார்கள். துணி தேய்க்கிற வண்டிக்காரரிடம் நின்று, அந்த அம்மா எப்படி, வீட்டில் சத்தம் போடுவார்களா, அவர்கள் வீட்டுக்கு வருகிற ஆட்கள் சிரித்துக்கொண்டு வெளியே வருகிறார்களா, அழுதுகொண்டு வருகிறார்களா என்று மதினி கேட்டிருக்கிறார். வண்டிக்காரர் சம்பந்தம் பேச வந்தவர்கள் என்று நினைத்து, நல்லெண்ணத்தோடு, மாடியைப் பார்த்து அந்த அம்மாவையே கூப்பிட்டுவிட்டார். அவர் இறங்கி வந்து என்ன ஏது என்று கேட்க, மதினி கொஞ்சமும் அசராமல் சொல்லியிருக்கிறார்.

"எங்க வீட்டுப் பிள்ளை எழுதுன புத்தகம் ஒங்ககிட்ட வந்திருக்கு. அதான் விசாரிச்சிட்டுப் போவம்னு வந்தோம்."

அந்த அம்மா இவர்களை மேலே கூட்டிப்போய் உட்காரவைத்துக் காபி கொடுத்திருக்கிறார். முடிவு தெரியாமல் கை நனைக்க மாட்டோம் என்று மதினி டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டார். அப்புறம் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார்களாம். என்ன பேசினார்கள் என்று கேட்டால், "ஆட்டுக்காரியப் பத்தித்தேன். அக்கா அவளப் பத்திப் பேச ஆரம்பிச்சா நிறுத்துமா?" என்றார் கணவர்.

என் நாவல் முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். யாரையும் தொந்தரவு செய்யாதீர்கள், நேரில் போய் நிற்காதீர்கள், பொறுமையாகக் காத்திருங்கள் என்றுதான் முகவர் தேடுகிற எழுத்தாளர்களுக்கு எங்கே பார்த்தாலும் அறிவுரை போட்டிருக்கிறது. இவர்கள் துணி தேய்க்கிற வண்டியோரம் நின்று குணம் விசாரித்திருக்கிறார்கள். இத்தனை வருடம் எழுதியதை இப்படி ஒரே நாளில் கெடுத்துவிட்டார்களே. அந்த அம்மாவுக்கு மன்னிப்புக் கேட்டு மின்னஞ்சல் எழுதினேன். எழுதி எழுதி அழித்து, கடைசியில் நாலே வரி அனுப்பினேன். பதில் இல்லை.

ஊர் திரும்பியவர்களோடு நான் பேசவில்லை. கணவர் பட்டணத்து மல்லிகைப்பூ வாங்கி வந்து கொடுத்துப் பார்த்தார், சாமி படத்துக்கு வைத்துவிட்டேன். மதினி வழக்கம்போல வாசலில் வற்றலைக் கொட்டி உட்கார்ந்தார். நான் போகவில்லை. ஒருநாள் அவரே சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் கொடுத்தார்.

"ஏத்தா, கோவமா இருந்தா இருந்துக்க. ஆனா அவுக நல்லவுகதேன். விசாரிச்சுட்டேன்."

வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டேன். ஆனாலும் போகவில்லை. பங்குனி போய், சித்திரையும் போனது. பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தாலும் செல்போனை எடுக்கத் தோன்றவில்லை. கண்மாய்க்கரைக் கருவேல மரங்களைப் பார்த்துக்கொண்டே போய் வந்தேன்.

வைகாசியில் ஒருநாள் அலுவலகம் விட்டு, திருச்சுழி பஸ் நிலையத்தில் நிற்கும்போது போன் வந்தது. அந்த அம்மாதான். நான் மறுபடியும் மன்னிப்புக் கேட்கத் தொடங்கியதும் நிறுத்தச் சொல்லிவிட்டார். அவர் பேசியதை என் நினைவிலிருந்து சொல்கிறேன்.

நாவலோடு நான் வைத்து அனுப்பிய கதைச்சுருக்கத்தை முதலில் படித்துவிட்டு அவர் நாவலைத் திறக்காமலே ஓரமாக வைத்திருந்தாராம். "மண்ணின் மணம்னு எழுதியிருந்தீங்க, வாழ்வின் வலின்னு எழுதியிருந்தீங்க. யாரோட கதை, அவளுக்கு என்ன வேணும்னு ஒரு வரி இல்ல. முடிவையும் மறைச்சு வச்சிட்டீங்க" என்றார். வாசகரிடம்தான் முடிவை மறைக்க வேண்டுமாம், முகவரிடம் மறைக்கவே கூடாதாம். முழுக் கதையும் தெரிந்தால்தானே அவர் இன்னொருவரிடம் போய்ப் பேச முடியும். சுவாரசியமாக இருக்கட்டும் என்று சுருக்கத்தின் கடைசியில் நான் போட்ட மூன்று புள்ளிகளை நினைத்து வெட்கமாக இருந்தது.

இப்படி இருக்கும்போதுதான் மதினி அங்கே போயிருக்கிறார். நாற்காலியில் சாய்ந்துகூட உட்காராமல், ஒருத்தி மகளுக்காக ஆட்டை எல்லாம் விற்றாள், அந்தப் பிள்ளை போய்ச் சேர்ந்ததா என்று எழுதியவள் சொல்ல மாட்டேன் என்கிறாள், நீங்களாவது கேட்டுச் சொல்லுங்கள் என்று அந்த அம்மாவிடமே முறையிட்டிருக்கிறார். சொல்லும்போது மதினியின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டதாம். ஒரு கதையில் வருகிற பெண்ணுக்காக ஒருவர் இவ்வளவு கோபப்படுகிறார் என்றால் அதைப் படித்தே ஆக வேண்டும் என்று அந்த அம்மா மறுநாளே நாவலை எடுத்து உட்கார்ந்துவிட்டாராம். பதில் தாமதமானதற்கு வேறு காரணம் இருந்தது. ஒரு மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்துக் கருத்துக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

"உங்க மதினி சொன்ன மாதிரி கதைச்சுருக்கத்தைத் திருப்பி எழுதி அனுப்புங்க. புத்தகத்தை நான் எடுத்துக்கறேன்" என்றார். போனை வைக்கப் போகிறார் என்று நினைத்தபோது, மறுபடி அவர் குரல்.

"அவங்ககிட்ட ஒண்ணு சொல்லிடுங்க. அடுத்த தடவை வந்தா காபி குடிச்சிட்டுதான் போகணும்."

அதுவரை தாங்கிக்கொண்டிருந்தேன், அந்த வார்த்தையில் உடைந்துவிட்டேன். பஸ் நிலையம் என்றுகூடப் பார்க்காமல் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். பக்கத்தில் நின்ற அம்மாள், என்ன துக்கமோ என்று என் தோளைத் தடவிக் கொடுத்தார்.

சாயங்காலம் பையைக்கூட வைக்காமல் நேரே மதினி வீட்டுக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னேன், காபிச் செய்தியையும் சொன்னேன். அவர் துள்ளிக் குதிக்கவில்லை. கையிலிருந்த வேலையை நிறுத்திவிட்டு என்னை ஒருமுறை பார்த்தார்.

"அன்னைக்கே நெனச்சேன். பால்காரரு ஒரு குத்தம் சொல்லல அவுகளப் பத்தி." வேலையை மறுபடி கையில் எடுத்தபடியே, "இப்பவாச்சும் சொல்லு. அந்தப் பிள்ளை போயிச் சேந்துச்சா?"

"சேந்துருச்சு மதினி" என்றேன். நாவலில் இன்னும் அந்த வரி இல்லை. அவருக்கு மட்டும் சொன்னேன்.

புத்தகம் இன்னும் வரவில்லை. அந்த அம்மா பேசிக்கொண்டிருக்கிறார், நான் அடுத்ததைப் பஸ்ஸில் எழுதிக்கொண்டிருக்கிறேன். எழுதுகிற தோழிகள் முகவரை எப்படிப் பிடிப்பது என்று கேட்டால், கதையை முடிவோடு சொல்லுங்கள், முன்பணம் கேட்பவரிடம் போகாதீர்கள் என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். மதினியைப் பற்றிச் சொல்வதில்லை, அப்படி ஒருவர் எல்லா வீட்டிலும் வாய்க்க வேண்டுமே. என்னைக் கட்டிக் கொடுக்கும்போது இந்த வீட்டைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை; இதே வீட்டில் பிறந்த மனுஷிதான் என் எழுத்துக்காக முன்பின் தெரியாத ஊரில், துணி தேய்க்கிற வண்டி ஓரம் வெயிலில் நின்று விசாரித்துவிட்டு வந்தார்.