பதினொரு விருப்பு வாக்குகள்

கட்சி வென்ற செய்தி வந்த அன்று காலை, இரத்தினசிங்கம் ஐயா என் மேசைக்கு முன்னால் நின்றபடியே பேப்பரைப் படித்துவிட்டுச் சிரித்தார். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். அதை நினைத்தால் எனக்கு இன்றும் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

நான் செலீன். பிறந்து வளர்ந்தது கொழும்பில், கொட்டாஞ்சேனை. அந்த நாட்களில், தொண்ணூறுகளின் கடைசியில், வெள்ளவத்தைக் காலி வீதியில் ஒரு கொமியூனிகேஷனில் வேலை செய்தேன். வெளிநாட்டுக் கோல், ஃபெக்ஸ், போட்டோக்கொப்பி, டைப்பிங். வடக்கிலிருந்து வந்து லொட்ஜுகளிலும் பிளட்டுகளிலும் அடைந்து கிடந்த சனத்துக்கு எங்கள் நம்பர்தான் சொந்த நம்பர். வருகிற சிங்களக் கடிதங்களை வாசித்துச் சொல்வதும் நான்தான். அதற்கு யாரும் என்னை நியமிக்கவில்லை, எனக்கு வாசிக்கத் தெரியும் என்பதைத் தவிர வேறு காரணமும் இல்லை.

வென்ற கட்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் துவக்குத் தூக்கி நாட்டைப் பிரிக்கப் புறப்பட்ட பெடியன்கள். பிறகு அரசாங்கத்தோடு சேர்ந்து, துவக்கைக் கீழே வைக்காமலே கட்சி என்று போர்ட் மாட்டியவர்கள். வடக்கில் உள்ளூராட்சித் தேர்தல் வந்தது. காட்டில் இருந்த மற்றப் பக்கம் வோட்டுப் போடக் கூடாது என்றது. சனம் இரண்டு பக்கத்துக்கும் பயந்து கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் இருந்தது. முடிவில் சபைக்கு மேல் சபையாக அள்ளிக்கொண்டது கட்சி. பேப்பர்க்காரன் 'அமோக வெற்றி' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தான். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை.

"பெட்டியைத் திறந்து காட்டினவையோ எண்டு ஒருக்காக் கேளும் பிள்ளை" என்றார் ஐயா.

அவருக்கு அந்தக் கேள்வியைக் கேட்க உரிமை இருந்தது. ஊரில் கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்கக் கந்தோரில், முப்பத்திரண்டு வருடம் எழுதுவினைஞராக இருந்தவர். தேர்தல் வந்தால் வாக்குச் சாவடிக்குத் தலைமை தாங்கும் அலுவலராகப் போவார். காலை ஏழு மணிக்கு முன், வெறும் பெட்டியைத் திறந்து, சரித்து, உள்ளே கையை விட்டுத் துழாவி, கட்சி ஏஜெண்டுமாருக்குக் காட்டிய பிறகுதான் பூட்டி முத்திரை வைப்பார். ஒரு தடவை தீவுப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒரு ஏஜெண்டும் வரவில்லையாம். சட்டப்படி வந்தவர்களுக்குக் காட்டினால் போதும், வராவிட்டால் அது அவர்கள் பாடு. ஐயாவுக்கு மனம் கேட்கவில்லை. வீதியில் போன பாண்காரனைச் சைக்கிளோடு மறித்து, உள்ளே கூட்டிக்கொண்டு போய், "வடிவாப் பார் தம்பி, ஒண்டும் இல்லைத்தானே?" என்று காட்டிவிட்டுத்தான் பூட்டினார். இந்தக் கதையை எனக்கு எட்டுத் தரமாவது சொல்லியிருப்பார்.

இன்னொரு பெருமையும் இருந்தது. சிங்களச் சோதனை பாஸ் பண்ணினால்தான் பதவி உயர்வு என்று சட்டம் வந்தபோது, எழுத மாட்டேன் என்று இருந்துவிட்டார். அவருக்குக் கீழே வேலை பழகியவர்கள் அவருக்கு மேலே போய் உட்கார்ந்தார்கள். சேர்ந்த கதிரையிலேயே பென்ஷன் எடுத்தார். கொழும்புக்கு வந்து ஆறு வருடம் ஆகியும் பஸ் போர்டு வாசிக்க மாட்டார், நம்பரைப் பார்த்து ஏறுவார். "அந்த எழுத்தை நான் படிக்க மாட்டன் பிள்ளை. நீர் வாசிச்சுச் சொல்லும்." கொள்கையாம். கொள்கை அவருடையது, வாசிக்கிற வேலை என்னுடையது. நானும் சிரித்துக்கொண்டே வாசித்தேன்.

அவருடைய ஒரே மகன் குகதாசன். இருபத்துமூன்று வயது, கணக்கியல் வகுப்புக்குப் போன பெடியன். ஒரு சுற்றிவளைப்பில், பொலிஸ் பதிவுத் துண்டை வீட்டில் மறந்துவிட்டுப் பாண் வாங்கப் போனவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். வழக்கும் இல்லை, விடுதலையும் இல்லை. தெற்கே ஒரு தடுப்பு முகாமில் போட்டுவிட்டார்கள். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை ஐயாவும் மனைவி நாகேஸ்வரியும் சோப்பும் பிஸ்கட்டும் கொண்டு பஸ் ஏறிப் போவார்கள். நாலு மாதம் ஐயா மனு மேல் மனுவாக எழுதினார். எல்லாவற்றையும் நான்தான் டைப் பண்ணினேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. கட்சியின் கொழும்புக் கந்தோருக்குப் போனால் பிள்ளையை எடுத்துத் தருகிறார்கள் என்று ஊர் முழுக்கப் பேச்சு. அங்கே போவதை விடக் கடலில் விழலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தவர், ஐந்தாம் மாதம் நாகேஸ்வரி அக்கா சாப்பாட்டை நிறுத்தியதும் போனார்.

போன நாள் ஒரு செவ்வாய்க்கிழமை. செவ்வாய் மத்தியானம் நான் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போய்விடுவேன், அது வெள்ளவத்தை முழுக்கத் தெரியும். அன்று மட்டும் நான் போகாமல் இருந்திருந்தால், அங்கே கொடுத்த படிவத்தைக் கையெழுத்துப் போட முதல் என்னிடம் கொண்டு வந்திருப்பார். இதற்காக நான் அந்தோனியாரோடு சண்டை பிடித்திருக்கிறேன்.

பேப்பர் பார்த்துச் சிரித்த அன்று பின்னேரம் போன் அடித்தது. எடுத்தேன்.

"கௌரவ உறுப்பினர் இரத்தினசிங்கம் நிக்கிறாரோ?"

"யாரு?"

"மெம்பர் ஐயா. கட்சிக் கந்தோரில இருந்து கதைக்கிறம். வாழ்த்துச் சொல்ல வேணும்."

ரோங் நம்பர் என்று வைத்துவிட்டேன். திரும்ப அடித்தது. முழுப்பெயரும் அடையாள அட்டை இலக்கமும் சரியாகச் சொன்னார்கள். சொந்த ஊர்ப் பிரதேச சபைக்கு, கட்சிப் பட்டியலில் அவர் பெயருக்கென்று பதினொரு விருப்பு வாக்கு விழுந்து தெரிவாகியிருக்கிறாராம். ஆளை விட்டுக் கூப்பிட்டேன். ஐயா வந்து கேட்டார், கேட்டுக்கொண்டே கதிரையில் உட்கார்ந்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு போட்டோக்கொப்பியை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"இதை ஒருக்கா வாசிச்சுச் சொல்லும் பிள்ளை."

வாசித்தேன். வேட்பாளராக நிற்க என் மனச் சம்மதம் என்று சிங்களத்தில் அச்சடித்த படிவம். கீழே அழகான தமிழ்க் கையெழுத்து, சு. இரத்தினசிங்கம்.

"என்னா ஐயா இது? வாசிக்கத் தெரியாத பேப்பர்ல நீங்க என்னத்துக்கு சைன் பண்ணுனீங்க?"

"மகனை எடுக்கிற படிவம் எண்டவங்கள். தமிழ்ப் படிவம் முடிஞ்சு போச்சாம். கோட்டுப் போட்ட ஒராள், சமாதான நீதவானாம், 'மெத்தன அத்சன் கரன்ன மாத்தயா' எண்டு, கையெழுத்துப் போடுற இடத்தில விரலை வைச்சுக் காட்டினார். நான் போட்டன்."

முப்பது வருடம் ஒரு கிழவியையும் விளங்காமல் பெருவிரல் வைக்க விடாத மனிசன். எனக்கு வந்த ஆத்திரத்தில் வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். கட்சிக்காரனை, கோட்டுக்காரனை, அவருடைய கொள்கையை, எல்லாவற்றையும் சேர்த்துத் திட்டினேன். ஐயா எதையும் காதில் வாங்கவில்லை.

"பதினொண்டு" என்றார். "எங்கட வட்டாரம் எட்டு வருசமா ஆமி முகாமுக்குள்ள. கீரியும் ஆமிக்காரனும் தவிர அங்க ஒரு சீவனில்லை. ஆர் பிள்ளை எனக்குப் போட்டது?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. பட்டியல் போட ஆள் கிடைக்காத கட்சி, பிள்ளையைத் தேடி வந்த தகப்பன்மாரின் பெயர்களை வைத்துப் பட்டியல் போட்டிருக்கிறது. வோட்டுப் போட ஆள் இல்லாத ஊரில் வோட்டும் அதுவே போட்டிருக்கிறது. நூறு போட்டிருந்தால் சந்தேகம் வரும் என்று பதினொன்று. அந்த அடக்கம்தான் எனக்கு எல்லாவற்றையும் விட அருவருப்பாக இருந்தது.

அடுத்த நாள் அவர் கட்சிக் கந்தோருக்குப் போய்க் கத்தினார். அங்கே இருந்த தோழர் ஒருவர் கத்த விட்டு, தேத்தண்ணீர் எடுப்பித்துக் கொடுத்து, மெதுவாகச் சொன்னாராம். "ஐயா, சத்தியப் பிரமாணம் எடுங்கோ. ஊருக்குப் போகத் தேவையில்லை, கொழும்பிலயே எடுக்கலாம். ஒரு கிழமைக்குள்ள மகன் வீட்டை நிப்பான். எடுக்காட்டி எங்களால ஒண்டும் செய்ய ஏலாது."

நாகேஸ்வரி அக்காவுக்கு யோசனையே இல்லை. என் மேசைக்கு முன்னால் வைத்தே புருஷனைக் கேட்டார்: "உங்கட மானத்தைச் சமைச்சுத் தின்னலாமோ? போய்ச் சத்தியம் பண்ணுங்கோ."

பண்ணினார். எடுத்த படத்தைக் கட்சிப் பேப்பரில் போட்டார்கள். வரிசையில் கடைசி ஆளாக, எங்கோ பார்த்துக்கொண்டு நிற்கிறார். தோழர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், அதையும் சொல்லத்தான் வேண்டும். ஐந்தாம் நாள் குகதாசன் வீட்டுக்கு வந்தான். பல் ஒன்று போயிருந்தது, இரண்டு நாள் படுத்தே கிடந்தான். நாகேஸ்வரி அக்கா சர்க்கரைப் பொங்கல் கொண்டு வந்து எனக்கும் தந்தார். ஐயா அதைத் தொடவில்லை. பேப்பர் பார்க்க வருவதையும் நிறுத்திவிட்டார்.

அதற்குப் பிறகு மற்றப் பக்கத்தின் அறிவித்தல் வந்தது. பதவி ஏற்ற துரோகிகள் மாத முடிவுக்குள் விலக வேண்டும், இல்லாவிட்டால் தண்டனை. ஒன்பது நாளில், ஊரில் இருந்த ஒரு மெம்பரை வீட்டு வாசலில் வைத்துச் சுட்டார்கள். அந்த ஆளும் என்ன கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாரோ, யாருக்காகப் போட்டாரோ, யார் கேட்டது? இவர்கள் சனத்தின் வோட்டைத் தாங்களே போட்டார்கள். அவர்கள் போடாதே என்று சொல்லிவிட்டு, போடாத வோட்டில் வந்தவனைச் சுட்டார்கள். நரி வலம் போனாலென்ன, இடம் போனாலென்ன, மேலே விழுந்து பிடுங்காமல் போனால் சரி என்பார்கள். எங்கள் நரிகள் இரண்டும் பிடுங்கின.

மாத முடிவுக்கு முதல் நாள், ஒரு சனிக்கிழமை காலை, ஐயா வந்தார். வெள்ளைச் சேட்டு, படிய வாரிய தலை, கச்சேரிக்குப் போகிறவர் போல.

"இராஜினாமாக் கடிதம், தேர்தல் கந்தோருக்கு. சிங்களத்தில எழுதித் தாரும். தமிழில குடுத்தா விளங்கேல்லை எண்டு வைச்சிருப்பாங்கள். நீர் எழுதும், நான் பாத்து எழுதுறன்."

நான் எழுதிக் கொடுத்தேன். அதை முன்னால் வைத்துக்கொண்டு, எழுத்துப் பழகுகிற பிள்ளையைப் போல ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துப் பார்த்து எழுதினார். ஒரு மணித்தியாலம் பிடித்தது. ஒவ்வொரு வரிக்கும், "இது என்ன சொல்லுது? அப்ப இது?" என்று கேட்டுத்தான் அடுத்த வரிக்குப் போனார். பதவி உயர்வுக்காகப் படிக்காத எழுத்தைப் பதவியை விடுவதற்காக எழுதினார். கையெழுத்தைக் கடைசியில் போட்டார். உறையில் வைத்தார்.

"சனிக்கிழமை மத்தியானத்தோட பூட்டிப்போடுவாங்கள், நாளைக்கு ஞாயிறு. இப்பவே தபால் கந்தோருக்குப் போய் றெஜிஸ்டர் பண்ணிப்போட்டால் அந்தத் துண்டு கையில இருக்கும். நாளைக்கு ஆர் கேட்டாலும் காட்டலாம்."

எழுந்து வாசலுக்குப் போனார். அங்கே ஒரு மனுஷி நின்றார். ஐம்பத்தைந்து வயதிருக்கும், கையில் கட்சிப் பேப்பரிலிருந்து வெட்டிய படம். அதைப் பார்க்கிறார், ஐயாவின் முகத்தைப் பார்க்கிறார், திரும்பவும் படத்தைப் பார்க்கிறார். பேர் மயிலம்மா என்று பிறகு தெரிந்தது. ஐயாவின் பிரதேச சபைக்குள் வரும் ஊரிலிருந்து வந்து, கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜில் தங்கியிருந்து, நாலு நாளாக வெள்ளவத்தையில் கடை கடையாக விசாரித்து வந்திருக்கிறார்.

"மெம்பர் ஐயா நீங்கள்தானே?"

ஐயா வாசற்படியிலேயே நின்றார். உறை கையில் இருந்தது.

"உங்கட மகனை எடுத்துப்போட்டியள் எண்டு சொன்னவை. என்ர மகனும் அதே முகாமிலதான். ரெண்டு வருசம். மெம்பர் ஒராளின்ர கடிதம் இருந்தாக் கட்சிக் கந்தோரில கவனிக்கினமாம். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"அம்மா, நான் இப்ப மெம்பர் இல்லை" என்றார் ஐயா. "இந்தா, விலகுற கடிதம்."

மயிலம்மாவுக்கு முதலில் அது விளங்கவில்லை. விளங்கியதும் அழவில்லை. "இண்டைக்கோ?" என்று மட்டும் கேட்டார்.

நான் மேசையில் இருந்து கத்தினேன். "ஐயா, நீங்க போங்க! போஸ்ட் ஒஃபிஸ் மூடிருவான். அம்மா, இவரைப் போக விடுங்க, இவருக்கு உயிர் ஆபத்து." எனக்கு அந்த மனுஷி மேல் கோபம், அந்தக் கோபத்துக்காக என் மேல் கோபம், இந்தத் தாயையும் தகப்பனையும் ஒரே வாசலில் கொண்டு வந்து நிறுத்திய நாய்கள் எல்லார் மேலும் கோபம். ஐயா மணிக்கூட்டைப் பார்த்தார். பதினொன்றரை. காலி வீதியில் பஸ்கள் போய்க்கொண்டிருந்தன.

அவர் திரும்பி வந்து என் முன்னால் உட்கார்ந்தார். உறையை மேசையில் கவிழ்த்து வைத்தார்.

"டைப் பண்ணும் பிள்ளை. மேல 'பிரதேச சபை உறுப்பினர்' எண்டு போடும்."

"ஐயா, வேணாம். நாளைக்குத்தான் கடைசி நாள்."

"தெரியும். போடும்."

நான் கடதாசியைச் செருகினேன். மயிலம்மா கதிரையின் நுனியில் உட்கார்ந்து, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஏதோ மனதில் கிடந்து உறுத்தியிருக்க வேண்டும்.

"ஐயா, ஒண்டு சொல்ல வேணும். நான் உங்களுக்கு வோட்டுப் போடேல்லை. பயத்தில போகேல்லை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"ஒருத்தரும் போடேல்லை அம்மா" என்றார் ஐயா. "பெடியன்ர முழுப்பேரைச் சொல்லுங்கோ."