துரை தலையில் விழுந்த அட்சதை

தங்கை மகன் புதுப்படகு வாங்கி, போர்ட்டிக்சனிலிருந்து கரையோர ஊர்களைச் சுற்றிக்காட்ட என்னை அழைத்துப் போனான். டீசல் வாடை வந்ததும் எனக்குக் கடல் தெரியவில்லை. ஆங்கிலேயர் காலத்து அவசரகாலம்தான் தெரிந்தது.

லிங்கி ஆற்றோரத் தோட்டத்தில் என் அப்பா, வெள்ளைக்காரத் துரையின் படகோட்டி. ஞாயிறுதோறும் துரையும் துரைசானியும் கடல்வரை உல்லாசமாகப் போய்வருவார்கள். அத்தை கல்யாணத்தன்று எங்களையும் ஏற்றிக்கொண்டார்கள். காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடும் என்று, தோட்டத்திலிருந்து ஒரு பிடி அரிசி வெளியே போகக்கூடாத காலம் அது. மீறினால் ஜெயில்.

பாதி வழித் துறையில் மாத்தா, அதாவது போலீஸ்காரர், படகை நிறுத்தச் சொன்னார். அம்மாவின் முந்தானை முடிச்சைப் பார்த்து அப்பா வெளிறிப்போனார்.

“என்னடி அது?”

“அட்சதைங்க.”

“அரிசிடி அது!”

“மஞ்சள் போட்டப்புறம் அது எப்படிங்க அரிசி?”

“அதை மாத்தாகிட்ட சொல்லு. என்னை உள்ள தள்ளிடுவான்.”

மாத்தா படகில் கால் வைத்தார். அம்மா எழுந்து முடிச்சை அவிழ்த்து, அவ்வளவையும் துரை, துரைசானி தலைகளில் கொட்டி, “நூறு வருசம் நல்லா இருங்க தொர!” என்றாள். துரை தொப்பியைக் கழற்றி நன்றி சொன்னார். இனிக் கைதுசெய்வதானால் துரையைத்தான் செய்யவேண்டும். மாத்தா வைத்த காலை எடுத்துக்கொண்டு, “ஜாலான் லா” என்று போகச் சொன்னார்.

“அப்புறம் என்ன பெரியம்மா ஆச்சு?” என்றான் தங்கை மகன்.

கல்யாணத்தில் அத்தை தலையில் வெறும் பூதான் விழுந்தது. அம்மாவிடம் அவள் இரண்டு வருசம் பேசவில்லை. பெண்டாட்டிக்கும் தங்கச்சிக்கும் நடுவே தூது போய்வந்த அப்பா, “இதுக்கு ஜெயிலுக்கே போயிருக்கலாம் லா” என்பார்.