மாவு, தண்ணீர், உப்பு, பொறுமை

இன்று காலை பிரிக்ஃபீல்ட்ஸ் சந்தையில் ஒரு சின்னப் பிள்ளையின் கையிலிருந்து ரொட்டித் துண்டைப் பிடுங்கினேன்.

நானும் என் கணவர் குமாரும் ஞாயிறுதோறும் அங்கே, ஈஸ்ட் இல்லாமல் தானாகப் புளித்த மாவில் சுடும் சவர்டோ ரொட்டி விற்கிறோம். எங்கள் போர்டில் இவ்வளவுதான் எழுதியிருக்கும்: மாவு, தண்ணீர், உப்பு, பொறுமை.

நேற்று எறும்புக்குப் பயந்து, மாவைப் புளிக்க வைக்கும் ஸ்டார்ட்டர் ஜாடியை குமார் ஓவனுக்குள் வைத்திருந்தார். நான் திறந்து பார்க்காமலே ஓவனைச் சூடாக்கிவிட்டேன். ஸ்டார்ட்டர் ஜாடியோடு வெந்துபோனது.

புதிதாக ஒன்று புளித்து வர ஒரு வாரமாவது காத்திருக்க வேண்டும். ஆர்டர்களை விட மனம் வரவில்லை. கடை ஈஸ்ட் போட்டேன். புளிப்புக்குத் தயிர் ஊற்றினேன்.

"யாருக்குத் தெரியப் போவுது?" என்று கேட்டதும் நான்தான்.

வாராவாரம் கிள்ளானிலிருந்து வரும் அக்கா இன்றும் மகளோடு வந்தார். சாம்பிள் தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து அவரே மகளிடம் கொடுத்தார்.

"இவளுக்கு பால் அலர்ஜி. இங்க மட்டும்தான் கேக்காமலே குடுப்பேன்" என்று பக்கத்தில் நின்றவரிடம் பெருமையாகச் சொன்னார்.

அப்போதுதான் பிடுங்கினேன். பிள்ளை அழ ஆரம்பித்தாள்.

"என்னம்மா ஆச்சு?"

"இன்னிக்கு தயிர் போட்டிருக்கோம், அக்கா."

அவர் திட்டவில்லை. மகளின் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். பிறகு போர்டை நிதானமாகப் படித்தார்.

"அப்ப அத கழட்டி வெச்சிடுங்க லா."

குமார் கழற்றினார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

இன்று எங்களிடம் வாங்கியவர்களே, அந்த ரொட்டியில் தயிர் இருக்கிறது. மன்னியுங்கள்.

போர்டிலிருந்த நான்கில் என்னிடம் எது தீர்ந்துபோனது என்று கண்டுபிடித்தவர்கள் கமெண்டில் வந்து திட்டலாம்.