ஹ. மஞ்சு, பழைய மாணவி

கல்கத்தாவில் நன்கொடை கேட்டு வருகிறவர்களுக்குக் கூச்சமே கிடையாது. நாம் எவ்வளவு கொடுக்கப்போகிறோம் என்பதை அவர்களே முடிவுசெய்து, ரசீதில் எழுதி, கிழித்துக் கையில் கொடுத்துவிட்டு வாசலில் நிற்பார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், லேக் கார்டன்ஸுக்கு நாங்கள் குடிவந்த முதல் செப்டம்பரில், அப்படி நான்கு பேர் வந்தார்கள். நான் அதை யாரோ வைத்துவிட்டுப் போன பாக்கி என்று நினைத்து, நாங்கள் ஒன்றும் வாங்கவே இல்லையே என்று அரைகுறை இந்தியில் வாதாடினேன். அவர்களும் விடவில்லை. சத்தம் கேட்டு மாடியிலிருந்து வீட்டுக்காரம்மா மஞ்சு பௌதி இறங்கி வந்தார். பௌதி என்றால் அண்ணி. இங்கே அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லாருமே யாருக்காவது பௌதிதான். அவர் ரசீதை வாங்கிப் பார்த்தார், எழுதியிருந்ததைப் பாதியாக்கச் சொன்னார், என்னைக் காட்டி இவள் ஊருக்குப் புதிது என்றார். தெருவில் நடக்கும் துர்கா பூஜைக்கான வசூலாம் அது. சாந்தா என்று சொல்கிறார்கள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் கொடுத்தேன். பூஜை நாளில் அதே நால்வர் ஒரு பெரிய பாத்திரம் நிறையக் கிச்சடிப் பிரசாதம் கொண்டுவந்து தந்தார்கள். அடுத்த வருஷம் நான் பேரம் பேசவில்லை.

நம் பக்கத்தில் கேட்பது வேறு மாதிரி. தாம்பாளமும் குங்குமமுமாக வந்து, தண்ணீர் குடித்து, பிள்ளைகளின் படிப்பை விசாரித்து, எழுந்திருக்கும்போது வாய்க்குள்ளேயே, உங்களால் முடிந்தது என்பார்கள். நானும் அந்த ரகம்தான். பக்கத்து வீட்டில் ஒரு கைப்பிடி கறிவேப்பிலை கேட்கவே இரண்டு தடவை யோசிப்பேன். அப்படிப்பட்டவள் தலையில்தான் எங்கள் கல்லூரிக்கு வசூல் செய்யும் வேலை வந்து விழுந்தது.

அதைத் தூக்கிப் போட்டவள் ஸ்டெல்லா. கல்லூரியில் எனக்குப் பக்கத்து இடத்துக்காரி. நான் கல்யாணமாகிக் கணவரின் மத்திய அரசு உத்தியோகத்தோடு ஊர் ஊராகப் போக, அவள் மேலே படித்து அதே கல்லூரியில் இயற்பியல் துறைத் தலைவி ஆகிவிட்டாள். துறை என்றால் பயந்துவிடாதீர்கள், அவளோடு சேர்த்து மூன்று பேர். திருநெல்வேலிக்குத் தெற்கே ஒரு சின்ன ஊரில், முன்பு பஞ்சுக் கிடங்காக இருந்த கட்டடத்தில் நடக்கும் பெண்கள் கல்லூரி அது. நாங்கள் படித்தபோது வகுப்பு முழுவதற்கும் ஒரே ஒரு ஸ்பெக்ட்ரோமீட்டர், அதாவது ஒளியைப் பிரித்து அளக்கும் கருவி. ஸ்டாப்வாட்ச் ஓங்கித் தட்டினால்தான் ஓடும். ஊசல் ஆடும் நேரத்தை அதில் எங்கே எடுப்பது? விடை என்ன வரவேண்டும் என்பது தெரியும், அதற்குத் தோதாக அளவுகளை நாங்களே பின்னாலிருந்து செய்துகொள்வோம். இப்படித் திருட்டுத்தனம் செய்துதான் முதல் வகுப்பில் தேறினேன் என்பதை இந்த வயதில் ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

நாங்கள் கல்கத்தா வந்த மூன்றாம் வருஷம் ஜனவரியில் வந்தது அவள் கடிதம். ஜூனில் பல்கலைக்கழகக் குழு பார்வையிட வருகிறது. ஆய்வுக்கூடத்தில் உருப்படியான கருவிகள் இல்லாவிட்டால் இயற்பியல் பட்டப் படிப்பையே மூடிவிடுவார்கள். அதில் அப்போது பதினாறு பெண்கள் இருந்தார்கள். அடுத்த ஊர்க் கல்லூரியில் சேரவேண்டுமென்றால் விடுதியில் தங்கவேண்டும். பாதிப் பேருடைய அப்பாக்கள் விடுதி என்றாலே படிப்பு போதும் என்று சொல்லிவிடுவார்கள். கல்கத்தாவில் நம் பழைய மாணவிகள் யாராவது இருந்தால் கேட்டுப் பார் என்று எழுதியிருந்தாள்.

பொங்கல் கூட்டங்களில் ஒருவரையொருவர் கண்டுபிடித்திருந்ததால் எங்களில் ஆறு பேர் இங்கே இருப்பது எனக்குத் தெரியும். மற்ற ஐவருக்கும் கடிதம் எழுதினேன். டாக்குரியாவில் இருக்கிறவளுக்கும் தபாலில்தான், நடந்தே போய்விடக்கூடிய தூரம். தங்களால் இயன்ற உதவியை நல்க வேண்டுகிறேன் என்று அழகாக முடித்திருந்தேன். ஒரு மாதம் கழித்து ஒரே ஒரு பதில் வந்தது. என் கையெழுத்து இன்னும் அப்படியே முத்து முத்தாக இருக்கிறதாம்.

மாடிப்படியில் உட்கார்ந்து இதை மஞ்சு பௌதியிடம் சொல்லிப் புலம்பினேன். அவர் என்னை நம்பாமல் பார்த்தார்.

"சிட்டி தியே கேவு சாந்தா தோலே?"

கடிதம் போட்டு யாராவது வசூல் செய்வார்களா என்று கேட்டார். வீட்டுக்குப் போ, சோபாவில் உட்கார், கொடுத்த டீயைக் குடி, ரசீதை நீட்டு என்று பாடம் எடுத்தார். எந்தத் தெய்வத்துக்கு என்றும் விசாரித்தார். கல்லூரிக்கு என்று சொல்வது வங்காளியில் எனக்குச் சரியாக வரவில்லையோ என்னவோ, கடைசியில் சரஸ்வதிக்கு என்று சொல்லி வைத்தேன். அப்படியானால் முதல் ரசீது எனக்கு என்று சொல்லிவிட்டார். அந்தக் கல்லூரி எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அவருக்குத் தெரியாது.

ரசீதுப் புத்தகம் வாங்கி, கல்கத்தா வழக்கப்படி முன்கூட்டியே எழுதிக்கொண்டு கிளம்பினேன். அங்கேதான் நம் புத்தி வேலை செய்தது. அரசு உத்தியோகக் குடும்பங்களில் யார் வீட்டுக்காரர் எந்த கிரேடு, எப்போது பிரமோஷன் என்பது பெண்களுக்கு அத்துப்படி. அந்தத் தராசில் நிறுத்தி ஆளுக்கொரு தொகை எழுதினேன். அதிகாரி மனைவிக்குப் பெரிதாக, குமாஸ்தா மனைவிக்குச் சிறிதாக. பெயரையும் திருமதி இன்னார் என்று கணவர்மார் பெயரிலேயே எழுதியிருந்தேன். எவ்வளவு நியாயமானவள் நான் என்று எனக்கே என்மேல் பெருமை.

கிடர்பூரில் வசந்தா வீட்டுக்குத்தான் முதலில் போனேன். எனக்கு மூன்று வருஷம் மூத்தவள். கணவர் முருகேசன் துறைமுகத்தில் குமாஸ்தா. லாரிகளுக்கும் கைவண்டிகளுக்கும் நடுவே புகுந்து குவார்ட்டர்ஸைக் கண்டுபிடித்தேன். முன்னறையில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். வசந்தா ஒரு பிள்ளையிடம் வங்காளியிலும் அடுத்ததிடம் இந்தியிலும் பின்னத்தை விளக்கிக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் போன பிறகு டீ வந்தது. குடித்தேன், ரசீதை நீட்டினேன். அவள் அதை வெகுநேரம் பார்த்தாள்.

"இதுல என் பேரு எங்க இருக்கு?" என்று கேட்டாள்.

திருமதி முருகேசன் என்று எழுதியிருப்பதைக் காட்டினேன்.

"இவுக சம்பளத்துக்குத் தக்கன எழுதிருக்க. அது எனக்குப் புரியுது. ஆனா காலேஜ்ல படிச்சது இவுக இல்லையே, நாந்தானே? வாய்ப்பாடு சொல்லிக் குடுத்துச் சம்பாதிச்ச காசு எங்கிட்ட இருக்கு. அத வாங்கிட்டுப் போ."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் உறைத்தது. அவளே பேனாவை எடுத்து வேறு ரசீதில் சு. வசந்தா என்று எழுதினாள், கல்லூரி வருகைப் பதிவேட்டில் இருந்த பெயர். அதிகாரி மனைவிக்கு நான் எழுதி வைத்திருந்ததைவிட அதிகமாகவே தொகையை எழுதினாள். திரும்பும்போது பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன், இடம் கிடைத்தும் உட்காரத் தோன்றவில்லை. என் பட்டத்தை டிரங்குப் பெட்டியின் அடியில் போட்டுவிட்டு, மற்றவர்களையும் அதே பெட்டிக்குள் தள்ளப் பார்த்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து அத்தனை ரசீதையும் கிழித்தேன். தகப்பனார் இனிஷியலோடு பெண்களின் சொந்தப் பெயரை எழுதினேன், தொகை இடத்தைக் காலியாக விட்டேன். அதற்கப்புறம் நடந்ததை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். டாக்குரியாக்காரி தன் பழைய பெயரைப் பார்த்ததும் கணவரைக் கூப்பிட்டு, பாருங்க இது நான் என்று காட்டினாள். இன்னொருத்தி எழுதிய தொகையை அடித்துவிட்டுக் கூட்டி எழுதினாள். கையெழுத்தைப் புகழ்ந்தவளும் மரியாதையாகக் கொடுத்துவிட்டாள்.

கருவிகளை இங்கேயே வாங்கலாம் என்று வசந்தா சொன்னாள். ஸ்டெல்லாவின் பட்டியலோடு காலேஜ் ஸ்ட்ரீட் பக்கத்துச் சந்து ஒன்றுக்கு மூவரும் போனோம், மூன்றாவது ஆள் மஞ்சு பௌதி. பேரம் முழுக்க அவர் பொறுப்பு. வசந்தா ஒவ்வொரு கருவியையும் கண்ணில் வைத்து, திருகி, வெளிச்சத்துக்குத் திருப்பி, இரண்டைத் தள்ளி வைத்தாள். கடைக்காரர் அசந்துபோய், தீதி புரொபசரா, அதாவது அக்கா பேராசிரியையா என்று கேட்டார். இல்லை, ஆமி சாத்ரி என்றாள் வசந்தா. நான் மாணவி. சொல்லிவிட்டு அவளே சிரித்துவிட்டாள், எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மே மாத விடுமுறைக்கு ஊருக்குக் கிளம்பிய மூன்று குடும்பங்கள் ஆளுக்கொரு பெட்டியைச் சீட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டு மெட்ராஸ் ரயில் ஏறின. ஸ்பெக்ட்ரோமீட்டரைப் பௌதியின் இரண்டு பழைய பருத்திப் புடவைகளில் குழந்தையைச் சுற்றுவது மாதிரி சுற்றி அனுப்பினோம். ஜூன் கடைசியில் ஸ்டெல்லா எஸ்.டி.டி.யில் கூப்பிட்டாள். குழு வந்தது, பார்த்தது, படிப்பு நிலைத்தது. மீட்டர் ஓடுவதையும் மறந்து அந்தப் பதினாறு பெண்களைப் பற்றியே பேசினோம்.

பிறகு அவள் காரியத்துக்கு வந்தாள். அலமாரியில் உபயம் என்று போட்டுக் கொடுத்தவர்கள் பெயரை எழுதவேண்டும். நம்மூர்க் கோயிலில் ட்யூப்லைட்டின் வெளிச்சத்தையே மறைத்து உபயம் எழுதுகிறவர்கள் நாம், அலமாரியை விடுவோமா? எல்லாம் சரி, இந்த மஞ்சுவுக்கு மட்டும் இனிஷியல் இல்லையே என்றாள்.

மாடிக்குப் போய், பௌதி, உங்கள் அப்பா பெயர் என்ன என்று கேட்டேன். அவர் திகைத்தார். அப்பா போய் எவ்வளவோ வருஷமாயிற்று, இப்போது அவரைப் பற்றி என்ன என்றார். விஷயத்தை விளக்கினேன். எங்கள் ஊரில் ஒரு பெண் படித்தால் அப்பா பெயரின் முதல் எழுத்தும் கூடவே எழுதப்படும் என்றேன். அவர் மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தார். ஹரிபதோ என்றார் மெதுவாக. கல்யாணம் ஆனதிலிருந்து யாரும் இதைக் கேட்டதில்லை, ரேஷன் அட்டையிலிருந்து எல்லாவற்றிலும் கணவர் பெயர்தான் என்றார்.

"ஓனார் நாமோ தாக்பே?"

அவர் பெயரும் இருக்குமா என்று கேட்டார். இருக்கும் என்றேன்.

அந்த வருஷம் பூஜை விடுமுறையில் நாங்கள் ஊருக்குப் போனோம். பூஜைக்கு யாராவது கல்கத்தாவை விட்டுப் போவார்களா என்று தெருவே என்னைப் பரிதாபமாகப் பார்த்தது. கல்லூரியில் ஸ்டெல்லா எனக்கென்று ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டு, ஸ்ட்ரா போட்ட குளிர்பானம் வரவழைத்தாள். நான் மூன்று வருஷம் கூட்டிப் பெருக்கிய கூடம் அது. அலமாரிக் கதவில் மஞ்சள் பெயின்ட்டில், உபயம்: கல்கத்தா வாழ் பழைய மாணவிகள் என்று போட்டு, கீழே ஏழு பெயர்கள். கடைசியில் ஹ. மஞ்சு.

கருவியில் வேலையாக இருந்த ஒரு பெண் எழுந்து வந்து, ஹ. மஞ்சு அக்கா எந்த வருஷம் படித்தார்கள் என்று கேட்டாள். ஸ்டெல்லா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"எங்க செட்டுதான்," என்றேன். "இப்போ கல்கத்தாவுல எங்க வீட்டு மாடில இருக்கா."

அந்தப் பெண் முகம் மலர்ந்து போயிற்று. "இது வரலைன்னா எங்க அப்பா என்னை நிறுத்திருப்பாங்க. நீங்க ஊருக்கு எப்போக்கா போறீங்க? போனதும் அவங்ககிட்ட இத மட்டும் சொல்லிருங்க."

நான்கு தெரு தள்ளி இருக்கும் அரசு ஆஸ்பத்திரியில் பிறந்தவள் நான். இதுதாம்மா என் ஊர் என்று அவளுக்குச் சொல்லியிருக்கலாம். ஆனால் மஞ்சு பௌதியின் முகம்தான் கண்ணில் நின்றது, இதைக் கேட்டதும் அவர் என்ன செய்வார் என்று பார்க்க எனக்கே அவசரமாக இருந்தது.

"வியாழக்கிழமை போறேன், கண்டிப்பாச் சொல்லுதேன்," என்றேன், விருந்தாளிக்குக் கொடுத்த பாட்டிலைக் கையில் பிடித்தபடி.