கிணற்றடி வீட்டின் சாட்சி

அந்தக் கையெழுத்தை முதலில் பார்த்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஐந்தே எழுத்து. ஒவ்வொன்றும் ஒரு பக்கம் சாய்ந்து, கடைசி எழுத்து தாளின் ஓரத்தில் இடமில்லாமல் ஒடுங்கிக் கிடந்தது. ஏற்காட்டில் காபி எஸ்டேட் வைத்திருந்த ஒரு கிறிஸ்தவ அம்மாள் தன் கைப்பட எழுதிய உயில் அது. சாட்சியாகக் கையெழுத்துப் போட்டிருந்தவர் அவருடைய சமையல்காரம்மா. எண்பதுகளின் நடுவில், சேலத்தில் வக்கீலாகக் கொஞ்சம் பேர் வாங்கி, அதைவிடக் கூடுதலாகத் தலைக்கனமும் சேர்த்து வைத்திருந்த காலம் எனக்கு. உயிலை இரண்டாம் முறை படித்தபோதுதான் அந்தக் கையெழுத்தில் இருந்த சிக்கல் புரிந்தது.

எஸ்டேட் அம்மாள் கல்யாணம் செய்துகொள்ளாதவர். தலைச்சோலைப் பக்கத்துச் சரிவில் குடியிருந்த பதினெட்டுத் தொழிலாளர் குடும்பங்களுக்கு அவரவர் வீட்டையும் அதையொட்டிய நிலத்தையும் எழுதியிருந்தார். பங்களாவின் கிணற்றடியில் இருந்த ஓட்டு வீடு சமையல்காரம்மாவுக்கு. மீதியெல்லாம் பெங்களூரில் இருந்த அண்ணன் மகனுக்கு. அடைமழையில் மலையை விட்டு இறங்க முடியாத ஒரு நாளில், வக்கீல் யாரையும் கேட்காமல், தான் மிகவும் நம்பிய இரண்டு பேரைக் கூப்பிட்டுச் சாட்சி வைத்துவிட்டார். ஒருவர் எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர், மற்றவர் சமையல்காரம்மா. கிறிஸ்தவர் எழுதும் உயிலில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவருக்கு அந்த உயிலால் எதுவும் சேராது என்பது சட்டம். யாருக்கு வீடு கொடுக்க மனம் வந்ததோ, சாட்சிக்கும் அவரையே கூப்பிடத் தோன்றியிருக்கிறது. பாவம், அவருக்கு இந்தச் சட்டம் எங்கே தெரியும்.

அண்ணன் மகனுக்கு அந்தச் சரிவும் வேண்டியிருந்தது. அத்தை கண்ணை மூடியதும், உயிலே பொய் என்று வழக்காடினார். நான் தொழிலாளர்கள் பக்கம். ரைட்டர் அதற்குள் இறந்துவிட்டதால், உயிலை நிரூபிக்கச் சமையல்காரம்மா ஒருவர்தான் மிச்சம். அவர் கூண்டேறி, கையெழுத்து என்னுடையதுதான் என்றால் பதினெட்டுக் குடும்பங்களுக்கும் வீடு உண்டு, அவருக்கு மட்டும் இல்லை. இல்லையென்று சொன்னால் உயிலே விழுந்து, எல்லாம் அண்ணன் மகனுக்குப் போய்விடும்.

இதைச் சொல்லாமலே அவரைக் கூண்டில் ஏற்றிவிடலாமா என்ற யோசனை, மலையேறிய பஸ்ஸில் கடைசிக் கொண்டை ஊசி வளைவு வரைக்கும் என்னோடு வந்தது. இப்போது ஒப்புக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது. சமையல்காரம்மா பங்களாச் சமையலறையில் சவ்சவ் நறுக்கிக்கொண்டே நான் சொன்னதையெல்லாம் கேட்டார். பிறகு, அண்ணன் மகன் ஏற்கெனவே வந்துபோனதைச் சொன்னார். தனக்கு எழுதவே தெரியாது என்று கோர்ட்டில் சொன்னால் போதும், கிணற்றடி வீட்டை இவர் பேருக்கே எழுதித் தருவதாகப் பேச்சு. சொன்னால் ஊரே நம்பும். பள்ளிக்கூடம் பக்கம் போகாதவர், எஸ்டேட் அம்மாளிடம் தன் பெயரை மட்டும் எழுதப் பழகியவர். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. அந்த வீட்டை விட்டால் செம்மநத்தத்தில் தங்கை வீட்டு ஓரம்தான் கதி.

"ஏனுங்க வக்கீலம்மா, நான் ஆமான்னு சொன்னா அந்தப் பதினெட்டு ஊட்டுக்கும் ஒண்ணும் ஆவாதுங்களே?"

ஆகாது என்றேன்.

"அப்பறம் என்னத்த யோசிக்கிறதுங்க. போட்டது நான்தானுங்களே."

அவ்வளவுதான். சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று தட்டு வைத்தார்.

கோர்ட்டில் கூண்டேறி, கையெழுத்து தன்னுடையதுதான் என்றார். எதிர்த்தரப்பு வக்கீல் கெட்டிக்காரர். ஆனாலும் பழக்க தோஷத்தில், வீட்டுக்கு ஆசைப்பட்டுத்தானே பொய் சொல்கிறீர்கள் என்று கேட்டுவிட்டார்.

"ஊட்டுக்கு ஆசப்பட்டிருந்தா இல்லைன்னு சொல்லியிருப்பனுங்க. ஆமான்னு சொன்னா அது எனக்கில்லீங்க. தெரிஞ்சுதானுங்க சொல்றேன்."

நீதிபதி எழுதுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார். சட்டம் படித்தவர்கள் அத்தனை பேர் இருந்த அந்த அறையில், கூண்டில் நின்ற அந்த அம்மாவின் உயரத்துக்கு யாரும் வரமாட்டோம் என்று தோன்றியது.

உயில் செல்லும் என்று தீர்ப்பானது. கிணற்றடி வீடு மீதிச் சொத்தோடு சேர்ந்து அண்ணன் மகனுக்குப் போயிற்று. கோர்ட்டு வராந்தாவில் தொழிலாளர்கள் கும்பிட்டுக்கொண்டும் அழுதுகொண்டும் நிற்க, சமையல்காரம்மா அவர்களை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"கண்ணு, ஊட்டுச் சாவிய யாருகிட்டக் குடுக்கோணும்?"

இன்றைக்கும் உயில் வழக்குகள்தான் என் பிழைப்பு. சாவியை வாங்கித் தரச் சொல்லி வந்தவர்கள் எத்தனையோ பேர். யாரிடம் கொடுப்பது என்று கேட்டவர் அவர் ஒருவர்தான். அன்று தூணோரம் நின்றிருந்த அண்ணன் மகனைக் கையால் காட்டினேன். சின்ன வயதில் ஒவ்வொரு கோடை லீவுக்கும் மலைக்கு வந்து, இந்த அம்மா கையால் சாப்பிட்டு வளர்ந்தவர் அவர். சமையல்காரம்மா கிட்டே போய் முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சாவியை நீட்டினார்.

"மேப்பக்கம் ரெண்டு ஓடு ஒடஞ்சு கெடக்குது சாமி. மழைக்கு முன்னால மாத்திப்போடுங்க."

அண்ணன் மகன் தலையைக் குனிந்தபடி வாங்கிக்கொண்டார்.